ராஜாவுக்குக் கொள்ளுச்சோறு

கெய்ரோ விமான நிலையத்தில் சுங்கத்துறைக்காரர் என் அக்காவின் பையைத் திறந்தார். மேலே ஒரு சமாதியின் வரைபடம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கிலோ கொள்ளு. அதற்கும் கீழே ஒரு சின்ன மின்சாரக் குக்கர். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தவர், வரைபடத்தை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரருக்குக் கட்டப்போகும் சமாதி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. நெஞ்சில் கை வைத்து ஏதோ முணுமுணுத்து, குக்கரையும் கொள்ளையும் அவரே பத்திரமாக உள்ளே வைத்து மூடிக் கொடுத்தார். செத்தவர்களுக்கு மரியாதை தெரிந்த நாடு என்று அக்காவுக்கு எகிப்து அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் சர்வீஸ் ஆள். முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்க் கிணற்றையும் போரையும் எட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு. எகிப்தில் லக்சர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புப் பண்ணையில் எங்கள் பம்புகள் சரியாகத் தண்ணீர் எடுக்கவில்லை என்று புகார் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் முதலாளி. இந்தச் சேதி எப்படியோ உடுமலைப்பேட்டை வரைக்கும் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, அங்கதான ராஜாக்க சமாதியெல்லாம் இருக்குது? நானும் வாரேன்."

அக்கா துளசிமணிக்கு அறுபத்திரண்டு வயது. அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, என் மச்சான், இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் தோட்டம் உள்ள குடும்பங்கள் பலவற்றில் சொந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்வது வழக்கம். மச்சானும் தான் வைத்த தென்னந்தோப்பின் மூலையில்தான் இருந்தார், ஒரு மண்மேடும் தலைமாட்டில் ஒரு செங்கல்லுமாக. அதுவே போதும் என்றுதான் அக்காவும் இருந்தாள். அடுத்த தோப்புப் பங்காளி வீட்டில், அவர்கள் அப்பாவுக்குக் கறுப்பு கிரானைட்டில் கும்பம் வைத்துக் கலர் விளக்குப் போட்டுச் சமாதி எழுப்பினார்கள். அன்றோடு அக்காவின் நிம்மதி போயிற்று.

அவளுடைய ஒரே மகன் பிரபு திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். அவன் ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவந்தான். தூண், மண்டபம், மார்பளவுச் சிலை, நான்கு பக்கமும் எழுத்து. அதற்கு இடம் வேண்டுமென்றால் காய்ப்பிலிருக்கிற பதினொரு தென்னையை வெட்டியாக வேண்டும். கல் வேலைக்காரர்கள் தயார். வருடத் திதிக்குள் முடிக்க வேண்டுமானால் உடனே தொடங்க வேண்டும். அக்கா சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கல்லில் என்ன எழுதுவது என்பதையும் சொன்னால் போதும். ஆயிரக்கணக்கான வருடம் நிற்கிற சமாதியை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அவனை நிறுத்தி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்தப் பதினொரு தென்னையும் மச்சானும் நானும் சேர்ந்து குழி எடுத்து வைத்தவை. வெட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, தைரியம் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல வராது. பிடிக்காத மாப்பிள்ளையையும் "பாக்கலாங்க" என்றுதான் திருப்பி அனுப்புவோம். நானும் அக்காவிடம் நாலைந்து முறை "பாக்கலாங்க அக்கா" என்று சொல்லியிருந்தேன். அதை அவள் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

விமான நிலையத்துக்கு வண்டியோடு வந்து நின்றவன் மஹ்மூத். அங்கே எங்கள் பம்புகளை விற்கும் ஏஜென்டிடம் வேலை பார்க்கிறான். படித்தது சரித்திரம், விற்பது பம்ப். எங்கள் ஊரில் இன்ஜினியரிங் படித்தவர்கள் எவ்வளவு பேரோ, அவ்வளவு பேர் இங்கே சரித்திரம் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. நான்கு ஃபாரோக்களின் வம்சாவளியைச் சொல்லிக்கொண்டே ஐந்து லாரிகளை முந்தினான்.

கெய்ரோவின் போக்குவரத்தைப் பார்த்தபிறகு எனக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் ஒரு தியான மண்டபமாகத் தோன்றியது. ஹாரனை அவர்கள் கோபத்தில் அடிப்பதில்லை. பேச்சுத்துணைக்கு அடிக்கிறார்கள். சாலையைக் கடக்க வழி தெரியாமல் நானும் மஹ்மூதும் நின்றுகொண்டிருந்தபோது, அக்கா பொள்ளாச்சி ரோட்டில் மாடு ஓட்டிப் பழகிய கையை உயர்த்தியபடி நேராக நடந்துவிட்டாள். அத்தனை வண்டியும் நின்றது. மஹ்மூத் அன்றிலிருந்து அவளை "மலிகா" என்று கூப்பிட ஆரம்பித்தான். மகாராணி என்று அர்த்தமாம். அக்கா அதை ஆட்சேபிக்கவில்லை.

மதியம் கோஷரி என்று ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே வறுத்த வெங்காயம், தக்காளிக் குழம்பு. நல்ல அரிசிம்பருப்புச் சோற்றில் யாரோ கைதவறி மக்ரோனியைக் கொட்டிவிட்டார்கள் என்று அக்கா பரிதாபப்பட்டாள். பரிதாபப்பட்டுக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

மறுநாள் பிரமிடு. அதன் அடியில் நின்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அக்கா குனிந்து அடிக்கல்லைத் தட்டிப் பார்த்தாள். அஸ்திவாரம் எத்தனை அடி, கல் எங்கிருந்து வந்தது, வேலை செய்த ஆட்களுக்குச் சோறு யார் போட்டது என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்க, மஹ்மூத் முதல்முறையாக ஒரு பயணி உருப்படியான கேள்வி கேட்கிறார் என்று உற்சாகமாகிவிட்டான். ரொட்டிக்கும் பீருக்கும் தனித்தனிக் கூடங்கள் இருந்தன, வேலையாட்களுக்கு இறைச்சியும் போட்டார்கள் என்றான். அக்கா பீர் சமாசாரத்தைக் காதில் வாங்காததுபோல் நடந்தாள். பிரபுவின் கல் வேலைக்காரர்கள் அப்படியெல்லாம் கேட்டு வைத்தால் என்ன செய்வது என்ற கவலை அவள் முகத்தில் தெரிந்தது.

ஒட்டகக்காரன் ஒருவன் அக்காவை ஏற்றியே தீருவதென்று பின்னாலேயே வந்தான். வேண்டாம் என்பதற்கு அக்காவிடம் உள்ள ஒரே சொல் "அப்புறம் பாக்கலாங்க" என்பதுதான். அதன் குழைவைக் கேட்டு, பேரம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பி அவன் அரை மைல் கூடவே நடந்தான்.

பிரமிடுக்குள் போகிற வழி, ஆள் இரண்டாக மடிந்தால்தான் நுழைய முடியும் என்பதுபோல் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரரின் முதுகு, பின்னால் அக்காவின் பெருமூச்சு. ஏறி ஏறி முழங்கால் கழன்றுவிடும் என்றபோது ராஜாவின் அறை வந்தது. வெறும் சுவர். நடுவில் மூடியில்லாத ஒரு கல் பெட்டி. அக்கா அதற்குள் கையை விட்டு, குதிரில் நெல் தடவுவதுபோல் அடி வரைக்கும் தடவினாள்.

"ஆளெங்க?" என்றாள்.

ஆள் எப்போதோ போய்விட்டார், திருடர்கள் எப்போது வந்தார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியாது என்றான் மஹ்மூத். இத்தனை கல்லை அடுக்கியும் ஆளைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அவள் சொல்வாள், மனம் மாறும் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். வெளியே வெயிலுக்கு வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட அக்கா, நல்ல பூட்டாகப் போடச் சொல்ல வேண்டும் என்று பிரபுவுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் ரயில். லக்சர் வரைக்கும் ஒரு பக்கம் நைல் நதி, மறுபக்கம் பாலைவனம், நடுவில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கரும்பும் வாழையும். பாதி வழியில் ஒரு வயல்காட்டு நடுவே ரயில் நின்றது. காரணம் யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எதிரே இருந்த குடும்பத்துக்கு அக்கா முறுக்கு எடுத்து நீட்டினாள். பதிலுக்கு அவர்கள் அவித்த முட்டை, ரொட்டி, ஒரு முழு தர்பூசணி, கடைசியில் ஒரு டப்பாவில் பழைய பாலாடைக்கட்டி என்று இறக்கிக்கொண்டே போனார்கள். அந்தப் பாலாடைக்கட்டியின் வாசனைக்கு ரயிலே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும் போலிருந்தது. அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணில் நீர் வர, "நல்லாருக்குதுங்க" என்றாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு புரிந்தது. உடனே இன்னும் பெரிய துண்டாக வெட்டி வைத்தார். இது எங்கள் ஊர் வியாதி. நன்றாக இருக்கிறது என்று சொல்லியே நாங்கள் அழிந்துபோகிறவர்கள்.

நான்காம் நாள்தான் நான் வந்த வேலை. கரும்புப் பண்ணைக்காரர் பெரிய மனிதர், தலைப்பாகையும் நீள அங்கியுமாக எங்களை வரப்பில் வந்து அழைத்துப் போனார். மோட்டார் ஓடியது, தண்ணீர் மட்டும் மூக்கொழுகுவதுபோல் வந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள், மோட்டார் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உடனே சரிசெய்தால் மரியாதை இருக்காது என்பதால் முக்கால் மணி நேரம் பானலைத் திறந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒயரை மாற்றிப் போட்டதும் தண்ணீர் எகிறிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டார். மீதிப் பம்புகளிலும் அதே கதைதான்.

விருந்தில் அக்கா சோறும் மொலோகியா என்ற கொழகொழக் கீரைக் குழம்பும் மட்டும் வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது பெரியவரின் வாழைத்தோப்பில் ஒரு தலைவாழை இலை அறுத்துக் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் மஹ்மூத் எங்களை இரண்டாம் ராம்சேஸின் கோயிலுக்குக் கூட்டிப் போனான். வாசலுக்கு உள்ளே ராஜாவின் பிரம்மாண்டமான கருங்கல் சிலை உடைந்து மல்லாந்து கிடக்கிறது. தோள் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இவருக்குத் தன் பெயரில் அவ்வளவு ஆசை என்றான் மஹ்மூத். தான் கட்டியதில் மட்டுமல்லாமல் முன்னால் ஆண்டவர்களின் சிலைகளிலும் அவர்கள் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நாளைக்கு யாரும் தன் பெயரை அழித்துவிடக் கூடாதென்று விரல் நுழையும் ஆழத்துக்கு வெட்டச் சொன்னார். நான் எங்கள் ஊர்க் கோயில் டியூப்லைட்டை நினைத்துக்கொண்டேன். உபயம் என்று குடும்பமே பெயர் எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் தொங்கும்.

அக்கா அந்த எழுத்துக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சூரியனின் மகன், எதிரிகளை மிதித்தவர், வெல்லப்பட முடியாதவர் என்று மஹ்மூத் படித்துச் சொன்னான். கல்லில் போடலாமா என்று பிரபு மாதிரிக்கு எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை அக்கா பையிலிருந்து எடுத்தாள். கொடை வள்ளல், தொழில் சிங்கம், எதிரிகளுக்கும் அஞ்சாத ஏந்தல் என்று இருந்தது. மச்சான் பூனைக்கும் அஞ்சுவார். நிழலில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவள் என்னிடம் கேட்டாள்.

"இவரு எப்படியாப்பட்ட ஆளுன்னு ஒண்ணுமே போடலையா தம்பி?"

மஹ்மூதிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அக்கா காகிதத்தை மடித்து வைத்தாள். பூட்டைப்பற்றியோ ஆழத்தைப்பற்றியோ அன்று பிரபுவுக்குச் செய்தி எதுவும் போகவில்லை.

ஐந்தாம் நாள் அமாவாசை. மச்சான் போனதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அவருக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பு கடைந்து சோற்றில் பிசைந்து இலை போட்டுப் படைத்துவிட்டுத்தான் அக்கா பச்சைத் தண்ணீர் குடிப்பாள். எகிப்து என்பதற்காக அமாவாசை தள்ளிப்போகுமா என்ன. காலை ஐந்து மணிக்கு ஹோட்டல் அறையில் குக்கரைப் போட்டாள். கொள்ளு வேக எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்கள் மாடியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. வராந்தாவில் பல பாஷைகளில் திட்டு கேட்டது. மோட்டார் ஆள் என்ற முறையில் நானே போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு, காரணம் தெரியாதவன்போலத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தேன். சோறும் கொள்ளும் ஒரு டிபன் டப்பாவில் ஏறின. படைக்க நல்ல இடமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

ராஜாக்களின் பள்ளத்தாக்கு என்பது ஒரு புல்பூண்டு இல்லாத மலைச்சந்து. பிரமிடு கட்டினால் திருடன் வருகிறான் என்று தெரிந்துகொண்ட பின்னால் வந்த ராஜாக்கள், மலையைக் குடைந்து உள்ளே ஒளிந்துகொண்டார்கள். அப்படியும் திருடன் வந்தான். வந்தவர்கள் கண்ணில் படாமல் பொருளோடு தப்பியது துட்டன்காமன் கல்லறை ஒன்றுதான் என்று சொல்லலாம். அங்கே மட்டும் ஆள் இன்னும் உள்ளேயே இருக்கிறார். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு இறங்கினாள். அவளைப் பார்த்து இரண்டு ஜப்பானியர்களும் கழற்றினார்கள்.

சின்ன அறை. சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு குரங்குகள். கண்ணாடிப் பெட்டிக்குள் துணியைப் போர்த்திக்கொண்டு, கருகிய முகமும் பாதமும் மட்டும் தெரிய, சிறுத்துப்போய்க் கிடந்தான் அவன். இறக்கும்போது பத்தொன்பது வயது இருக்கலாம் என்றான் மஹ்மூத். பிள்ளைகுட்டி உண்டா என்று அக்கா கேட்டாள். இரண்டு குழந்தைகள், இரண்டும் பிறக்கும்போதே இறந்துவிட்டன. அப்படியென்றால் இவனுக்குத் திதி கொடுப்பது யார் என்று கேட்டாள். நான் இதை மொழிபெயர்த்ததும், ஒருவரும் இல்லை என்றான் மஹ்மூத்.

நான் குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா தரையில் உட்கார்ந்து தலைவாழை இலையை விரித்து, டப்பாவைத் திறந்து, ராஜாவுக்கும் மச்சானுக்குமாக இரண்டு கவளம் வைத்து, தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தாள். கற்பூரத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னது என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. கல்லறைக் காவலர் ஒரு வயதானவர், பாய்ந்து வந்தார். ஜப்பானியர்கள் படம் எடுத்தார்கள்.

வெளியே ஒரு சின்ன அறையில் மேசைக்குப் பின்னால் மீசை வைத்த அதிகாரி. மேசைமேல் சாட்சிப்பொருளாக டப்பாவும் இலையும். இது என்ன என்று கேட்டார். சாப்பாடு என்றேன். அப்படியானால் சாப்பிட்டுக் காட்டுங்கள் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் படைத்துக் காக்காய்க்கு வைக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று அக்கா என்னை முறைத்தாள். தாங்கள் கொண்டுவந்த சாப்பாட்டைத் தாங்களே தொட மறுக்கும் இரண்டு அந்நியர்களை அதிகாரி உற்றுப் பார்த்தார். வேலை, பாஸ்போர்ட், முதலாளியின் முகம் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

மஹ்மூத்தான் காப்பாற்றினான். இந்த அம்மாவின் ஊரில் இறந்தவர்களுக்குச் சோறு வைப்பார்கள், நம் முன்னோர்களும் அதையேதான் செய்தார்கள் என்று ஆரம்பித்தான். பழைய கல்லறைகளில், இந்த வழியாகப் போகிறவர்களே, எனக்கு ஆயிரம் ரொட்டி என்று வாயாலாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சி எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தர் நிஜமாகவே சோற்றோடு வந்திருக்கிறார், அவரையா பிடித்து வைப்பது என்று கேட்டான். அந்தக் கிழக் காவலருக்கு என்ன தோன்றியதோ, தான் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று முன்னால் வந்தார். அவர் ராஜாவின் வீட்டு ஆள், அவர் சாப்பிட்டால் ராஜா சாப்பிட்ட மாதிரிதான் என்று அக்காவும் சமாதானமாகி ஒரு கவளம் எடுத்து வைத்தாள்.

அவர் வாயில் போட்டு மென்றார். மெல்லுவது ஒரு கணம் நின்றது. புருவம் மேலே போயிற்று. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு நெஞ்சில் கை வைத்து, புன்னகையோடு, பிரமாதமாக இருக்கிறது, உங்கள் கைக்குப் புண்ணியம் என்றார். மஹ்மூத் மொழிபெயர்த்தான். அக்கா பூரித்துப்போய் இன்னும் பெரிய கவளமாக எடுத்து வைத்தாள். கிழவரின் கண்ணில் தெரிந்த பீதியை நான் பார்த்தேன். அந்த முகத்தை உடுமலையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கவளத்துக்கு அக்கா கையைக் கொண்டுபோனபோது என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, போதுங்க. அவருக்குப் புடிக்கலைங்க."

"அவருதான் நல்லாருக்குதுங்கறாரே."

"மச்சானும் அப்படித்தானுங்க சொல்லுவாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்காவின் கை டப்பாவுக்கு மேலே அப்படியே நின்றது. இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்யாணமான புதிதில் அக்கா முதன்முதலாகக் கொள்ளு கடைந்து வைத்தபோது, புதுப்பெண் மனம் நோகக் கூடாதென்று மச்சான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கொள்ளு வந்தது. வாயைத் திறக்க வழியில்லாமல் அவர் நாற்பது வருடம் தின்றார். திங்கட்கிழமைதோறும் உடுமலைச் சந்தைக்கு வரும் சாக்கில் என்னை வரச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் புரோட்டா சாப்பிடுவார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொள்வார். உங்கக்காவுக்குத் தெரிந்தால் மனம் நொந்துபோவாள் மாப்பிள்ளை என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். செத்த பிறகும் அவருக்கு அமாவாசைதோறும் கொள்ளு போவதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

எங்களுக்குள் என்ன சண்டை என்று அதிகாரி விசாரித்தார். நான் மஹ்மூதிடம் சொல்ல, அவன் விளக்கினான். அதிகாரி டப்பாவை மூடித் தன் கையாலேயே அக்காவிடம் கொடுத்து, இனிமேல் கல்லறைக்குள் சமையல் வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார். தன் மைத்துனனுக்கு மட்டும் இந்த மாதிரி வாய் வராமல் இருக்கட்டும் என்று அந்த அதிகாரி கடவுளை வேண்டிக்கொண்டதாக மஹ்மூத் பிறகு சொன்னான்.

வண்டியில் அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அழுவாள், இல்லை என்னை அடிப்பாள் என்று நான் இரண்டுக்கும் தயாராக இருந்தேன். சொன்னது தப்பு என்று ஒரு மனம், பத்து மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு மனம். கரும்பு லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"எத்தன திம்பாரு?"

"நாலுங்க."

"ஊட்டுல ரெண்டு தோசைக்கு மேல வேண்டாம்பாரு" என்றாள். பிறகு, புரோட்டா மாதிரி இந்த ஊரில் ஏதாவது கிடைக்குமா என்று மஹ்மூதிடம் கேட்கச் சொன்னாள்.

கிடைத்தது. ஃபெத்தீர் என்கிறார்கள். மாவை வீசி, மடித்து, நெய் தடவி, மறுபடி மடித்து அடுப்பில் சுடுகிறார்கள். பிய்த்தால் அடுக்கடுக்காக வருகிறது. நைல் கரையில் ஒரு கட்டைச் சுவர்மேல் அக்கா வாடிப்போன அந்த வாழை இலையைக் கழுவி விரித்து, நாலு ஃபெத்தீரை வைத்தாள். எகிப்துக் காக்காய்க்கு உடம்பு சாம்பல் நிறம், தலையும் இறக்கையும் மட்டும்தான் கறுப்பு. இது கணக்கில் சேருமா என்று எனக்குச் சந்தேகம். அக்காவுக்கு இல்லை. கூப்பிட்டாள். ஒன்று வந்து, பார்த்து, ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது. இன்னொன்று வந்தது. மச்சான் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அந்த நேரம் பிரபு கூப்பிட்டான். கல் வேலைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், நாளைக்கு மரத்தில் கோடாலி வைக்கலாமா என்றான். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்கப்பனுக்குத் திங்க என்ன கண்ணு புடிக்கும்?"

அவன் யோசிக்கவே இல்லை. "கொள்ளுப்பருப்புங்கம்மா. அதெதுக்குங்க இப்ப?"

"இல்ல சாமி. அது அவருக்கு ஆகவே ஆகாதாமா. நாப்பது வருசம் ஆக்கிப் போட்ட எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. அவரத் தெரியாம கல்லுல என்னத்த எழுதறது? மரத்துல கை வெக்க வேண்டாம். கல்லுக்காரங்கள அனுப்பிச்சுப்போடு."

பிரபு ஏதேதோ கேட்டான். ஊரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இலையில் காக்காய் தொடாத ஒன்று மீதி இருந்தது. அதைப் பிய்த்து ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். மூடியபடியே வெகுநேரம் மென்றாள்.

"ஒரு திங்கக்கெழமையாவது என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?" என்றாள்.

என்னைக் கேட்டாளா அவரைக் கேட்டாளா என்று தெரியவில்லை. இரண்டு பேரில் பதில் சொல்ல இருப்பவன் நான் ஒருவன்தான். அவள் கையிலிருந்ததில் நானும் ஒரு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டேன்.